பழைய வில்லுக்குப் புதுப் பூச்சு

அரை நூற்றாண்டைக் கடந்த வேட்டை வில் ஒன்று சென்ற ஆண்டு என் கைக்கு வந்தது. கைப்பிடி முழு மரம். வளையும் மேற்கையும் கீழ்க்கையும், மேப்பிள் மரச்சீவல்களின் இருபுறமும் கண்ணாடியிழைத் தகடு ஒட்டிச் செய்யப்பட்டவை. வார்னிஷ் பழுப்பேறிப் பொரிந்திருந்தது.

உப்புத்தாளை எடுக்கும் முன் பஞ்சுருண்டை ஒன்றை வில்லின் நீளம் முழுவதும் தடவினேன். இழை கிளம்பிய இடமிருந்தால் பஞ்சு சிக்கிக் காட்டிக்கொடுக்கும். நீளவாக்கில் ஓடும் மயிரிழைக் கீறல்கள் பெரும்பாலும் தீங்கற்றவை. குறுக்கே விரிசல் இருந்தாலோ ஒட்டு விட்டிருந்தாலோ அந்த வில்லில் நாணேற்றவே கூடாது.

பூச்சை நீக்கும் ரசாயனம் ஒட்டுப்பசையையும் இளக்கிவிடலாம் என்பதால் அதைத் தொடவில்லை. கைப்பிடியில் எஃகுத் தகட்டைச் சாய்த்துப் பிடித்துச் சுரண்டியபோது மஞ்சள் செதில்கள் சுருண்டு விழுந்தன. ஈரத்துணியால் துடைத்ததும், அதுவரை மங்கிக் கிடந்த மரத்தின் வரிகள் செந்நிறமாகத் துலங்கின. வளையும் கைகளில் மட்டும் மிகுந்த பொறுமை வேண்டும். விறைப்பு தடிமனின் முப்படியை (தடிமன் × தடிமன் × தடிமன்) பொறுத்தது. ஒரே மரத்தால் ஆன வில்லில் தடிமன் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே விறைப்பு கால் பங்குக்கு மேல் போய்விடும். விறைப்பான கண்ணாடியிழை வெளிப்புறத்தில் இருக்கும் வில்லில் இழப்பு இன்னும் கூடுதல். எனவே 400 எண் தாளை நீரில் நனைத்து, பளபளப்பு மங்கும் அளவுக்கே தேய்த்தேன். அந்தத் தூள் நுரையீரலுக்குக் கேடு, முகக்கவசம் கட்டாயம்.

கைப்பிடிக்குக் கீழே, வார்னிஷுக்கு அடியில், செய்தவர் மையால் எழுதிய ‘45 பவுண்டு, 28 அங்குலம்’ என்ற குறிப்பு இருந்தது. நாணை வில்லிலிருந்து 28 அங்குலத் தொலைவுக்கு இழுக்கையில் விரல்கள் தாங்கும் விசை அது. வார்னிஷைச் சுரண்டினால் அந்தக் கையெழுத்தும் போய்விடும் என்பதால், சுற்றிலும் இரண்டு விரற்கடை அகலத்துக்குப் பழைய பூச்சை அப்படியே விட்டு, புதியதை அதன் விளிம்பில் மெல்ல இழைத்தேன். நீர்த்த வார்னிஷை ஒரு நாள் இடைவெளியில் நான்கு முறை மெல்லியதாகத் தடவினேன். எண்ணெய்ப் பூச்சை விரும்புவோர், துடைத்த துணியைச் சுருட்டிப் போடாமல் விரித்து உலர்த்த வேண்டும். குவிந்து கிடந்தால் தானாகவே தீப்பற்றும்.

பிடிக்குப் புதுத் தோல் சுற்றினேன். நாண் மட்டும் பழைய முறைப்படி, சற்றே நீளும் டாக்ரான் என்ற பாலியெஸ்டர் இழைதான். இக்கால நாண்கள் பெரும்பாலும் மிகக் குறைவாகவே நீளுபவை. அம்பு விடுபடும் அதிர்ச்சி முழுவதும் வலுவூட்டப்படாத பழைய குதைகளில் (நாண் மாட்டும் வில்முனைப் பள்ளங்களில்) இறங்கி அவற்றைப் பிளந்துவிடலாம்.