கிளட்ச் கவர் போல்ட்டுக்குப் புது மரை

கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கிப் பார்த்தால் வலது ஷூவெல்லாம் எண்ணெய். பைக்கின் கிளட்ச் கவரில் முன்பக்க போல்ட் ஒன்று இறுகாமல் சும்மா சுற்றியது. கழற்றினேன், மரையில் அலுமினியச் சுருள் ஒட்டிக்கொண்டு வந்தது. போல்ட் நன்றாகத்தான் இருக்கிறது, ஓட்டையில்தான் மரை போய்விட்டது. இந்த 6 மி.மீ. போல்ட்டுகளுக்கு 10 நியூட்டன் மீட்டர் அளவுக்கு முறுக்கினால் போதும். யாரோ நீள ஸ்பானரில் பலத்தைக் காட்டியிருக்கிறார்கள்.

"த்ரெட்லாக்கர் ஊத்து தம்பி, அசையாது" என்றார் பக்கத்து வீட்டு அண்ணன். நல்ல மரை அதிர்வில் கழலாமல் இருக்கத்தான் அந்தப் பசை உதவும். இல்லாத மரையை அது எங்கிருந்து கொண்டுவரும்? அதுவும் நம்ம ஊர்க் குளிரில் இறுகவே நேரமாகும்.

சரி, முதலில் செலவில்லாத வழி. குச்சி விட்டு ஆழம் பார்த்ததில், பழைய போல்ட் எட்டாத இடத்தில் மரை கொஞ்சம் மிச்சம் இருந்தது. 5 மி.மீ. நீளம் கூடிய போல்ட்டைப் போட்டதும் பிடித்துக்கொண்டது. ஆனால் அலுமினியத்தில் விட்டத்தின் ஒன்றரை மடங்காவது, அதாவது 9 மி.மீ., உள்ளே பிடிக்க வேண்டும். மிச்சமிருந்த மரை அவ்வளவு இல்லை; மலை ஏறி இறங்கியதும் மறுபடி கசிவு.

அப்புறம் கோவையிலிருந்து ஹெலிகாயில் கிட் வாங்கினேன்; ஓட்டையைப் பெரிதாக்கி, உள்ளே ஸ்டீல் கம்பிச் சுருளைப் புது மரையாக உட்கார வைப்பதற்கு. எண்ணெயை வடித்து, கவரைக் கழற்றி, கிளட்ச் பக்கம் துணி அடைத்தேன். ட்ரில் பிட்டில் ஆழத்துக்கு டேப் ஒட்டி அடையாளம் வைத்து, 6.3 மி.மீ. ஓட்டை. கஷ்டமே இங்கேதான்: பிட் சாய்ந்தால் போல்ட்டும் சாயும், கவர் உட்காராது. அவசரப்படவே கூடாது. பிறகு கிட்டில் வந்த மரை வெட்டும் கருவியில் (tap) கிரீஸ் தடவி, அரைச் சுற்று முன்னால், கால் சுற்று பின்னால் என்று மரை வெட்டினேன். கிரீஸில் தூள் ஒட்டிக்கொண்டே வெளியே வந்துவிடும்.

ஸ்டீல் சுருளை மேல்மட்டத்துக்குக் கால் சுற்று கீழே வரை திருகி இறக்கி, திருகுவதற்காக அதன் அடியில் இருக்கும் வாலைத் தட்டி உடைத்தேன். அந்தத் துண்டைக் காந்தத்தை நம்பாமல் ட்வீசரால் எடுத்தேன். துரு பிடிக்காத ஸ்டீல், சரியாக ஒட்டாது.

புது கேஸ்கெட் போட்டு, போல்ட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கி, புது எண்ணெய் ஊற்றினேன். மேட்டுப்பாளையம் போய்த் திரும்பியாயிற்று, கவர் காய்ந்தே இருக்கிறது. பின்பக்க போல்ட் ஒன்றும் சந்தேகமாக இருக்கிறது; கிட்டில் மிச்சச் சுருள்கள் இருப்பதால் அடுத்த எண்ணெய் மாற்றும்போது அதையும் பார்க்க வேண்டும்.