எதிர்காற்றை முதல் நாளே முடித்துவிடு: காரைக்குடி – தொண்டி சைக்கிள் நாட்குறிப்பு

ஜனவரி 22, வியாழன். காரைக்குடி

பன்னிரண்டு சைக்கிள், சாமானுக்கு ஒரு குட்டி யானை, நான்கு நாள். காரைக்குடி, அறந்தாங்கி, ஆவுடையார்கோவில், மீமிசல், தொண்டி, திருவாடானை, தேவகோட்டை, மறுபடி காரைக்குடி. ஏறக்குறைய 180 கி.மீ. தூரம் ஒன்றும் பெரிதில்லை. எந்தப் பக்கமாகச் சுற்றுவது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

தேவகோட்டை வழியாக நேரே தொண்டிக்கு இறங்கி, கடலோரமாக வடக்கே ஏறி, அறந்தாங்கி வழியாகத் திரும்புவதுதான் பலருக்கும் முதலில் தோன்றும் வழி. தை மாதத்தில் அது தப்பு. இப்போது காற்று வடகிழக்கிலிருந்து. அப்படிப் போனால் நிழலே இல்லாத கிழக்குக் கடற்கரைச் சாலையில், நடுப்பகலில், மூன்றாம் நாள் கால் வலியோடு அதை நெஞ்சில் வாங்கவேண்டும். அதனால் முதலில் அறந்தாங்கி. எதிர்காற்றுதான், ஆனால் 32 கி.மீ. மட்டுமே. கால் புதிதாக இருக்கும், காலை 9 மணிக்குள் முடிந்துவிடும். அதன்பின் கடலோரம் முழுக்கக் காற்று முதுகில். ஆடியில் வந்தால் காற்று தென்மேற்கு, வட்டத்தைத் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம்.

அடுத்த எதிரி முள். சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் கண்மாய்க் கரையெல்லாம் சீமைக்கருவேலம்தான். வெட்டி விறகு ஏற்றிப்போகும் வண்டியிலிருந்து உதிர்ந்தது சாலை ஓரத்தில் கிடக்கும். 23, 25 மி.மீ. ரேஸ் டயரோடு வந்தால் பாதி நாள் பஞ்சர் ஒட்டுவதிலேயே போகும். இந்தக் குழுவில் குறைந்தது 35 மி.மீ. என்று முன்பே சொல்லியாயிற்று. 70 கிலோ எடையுள்ளவருக்கு முன் டயரில் 50, பின் டயரில் 55 பிஎஸ்ஐ காற்றழுத்தம் போதும். கல் மாதிரி அடித்தால் செம்மண் பாதையில் கை மரத்துப்போகும், வேகமும் அதிகமாகாது.

ஆளுக்கு இரண்டு மாற்று ட்யூப், டயர் கழற்ற மூன்று நெம்புகோல், ஒரு கைப்பம்ப். ஒல்லியான பிரெஸ்டா வால்வு வைத்திருப்பவர்கள் பித்தளை அடாப்டர் ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளவேண்டும். ஊருக்கு ஊர் பைக் பஞ்சர் கடையில் கம்ப்ரஸர் இருக்கிறது, அதன் வாய் பைக்கின் தடித்த வால்வுக்கு மட்டும்தான் பொருந்தும். பத்து ரூபாய்க் காற்றுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு கைப்பம்பில் நூற்றைம்பது குத்து குத்துவது போன்ற எரிச்சல் வேறில்லை.

பிற்பகல் 3 மணிக்குச் சோதனை ஓட்டம்: கோட்டையூர், பள்ளத்தூர், கானாடுகாத்தான், திரும்ப. கிட்டத்தட்ட 30 கி.மீ. குழுவாக ஓட்டிப் பழக செட்டிநாட்டுத் தெருக்கள் அருமையானவை. நூல் பிடித்த மாதிரி நேர்த்தெரு. ஒரு வீட்டின் முகப்பு ஒரு தெருவில், பின்கட்டு வாசல் அடுத்த தெருவில். பின்வாசல் தெருக்களில் வண்டியே வராது. கைச்சைகை, பிரேக், வரிசை மாற்றம் எல்லாவற்றையும் அங்கே பார்த்துக்கொள்ளலாம். மூன்று சைக்கிளில் பிரேக் கட்டை தேய்ந்திருந்தது. ஒன்றில் பின் டெரெய்லரை (கியர் மாற்றச் செயினை நகர்த்தும் பாகம்) சட்டத்தோடு பிடித்திருக்கும் ஹேங்கர் லேசாக உள்ளே வளைந்திருந்தது. பின்னால் உட்கார்ந்து பார்த்தால் டெரெய்லரின் இரண்டு குட்டிச் சக்கரங்களும் பல்சக்கரத்துக்கு நேர்கோட்டில் நிற்கவேண்டும், இதில் கீழ்ச்சக்கரம் ஆரக்கம்பியை நோக்கிச் சாய்ந்திருந்தது. அப்படியே விட்டால் மிகப்பெரிய பல்சக்கரத்துக்கு மாற்றும்போது கம்பிக்குள் மாட்டும். நிமிர்த்தியாயிற்று.

ஜனவரி 23, வெள்ளி. காரைக்குடி – அறந்தாங்கி, 32 கி.மீ.

காலை 5:50-க்குக் கிளம்பல், இன்னும் இருட்டு. தைப்பூசம் நெருங்குகிறது. பழனிக்கு நடப்பவர்கள் கிழக்கேயிருந்து குன்றக்குடியை நோக்கி வெள்ளனவே நடந்து வருகிறார்கள். முன்விளக்கைத் தாழ்த்தி வைக்கவேண்டும். நிமிர்த்தி வைத்தால் எதிரே வருகிறவர் கண் கூசிச் சாலைக்குள் விலகுவார். மணியை மெதுவாக ஒரு தட்டு தட்டினால் போதும்.

ஆறு ஆறு பேராக இரண்டு கொத்து, நடுவே 200 மீட்டர் இடைவெளி. பன்னிரண்டு பேரும் ஒரே வரிசையில் போனால் பஸ்ஸால் முந்த முடியாது, பாதி முந்திவிட்டு உள்ளே ஒடிக்கும். எதிர்காற்றில் முன்னால் ஓட்டுபவர் இரண்டு நிமிடத்துக்கு மேல் முன்னால் நிற்கக்கூடாது. வலது பக்கம் திரும்பிப் பார்த்து, விலகி, வேகம் குறைத்து வரிசையின் கடைசிக்குப் போய்விடவேண்டும். புதியவர்கள் செய்யும் தவறு வேறு. முன்னாலிருப்பவர் விலகியதும் உற்சாகத்தில் ஓர் அழுத்து அழுத்துவார்கள், வரிசை அங்கேயே அறுந்துவிடும். வேகமானியில் 18 என்றால் 18-லேயே இருக்கவேண்டும்.

குரல் சைகை சுருக்கமாக: “குழி!”, “மாடு!”, “பின்னாடி வண்டி!” கடைசி ஆள்தான் வண்டி சொல்லவேண்டும், முன்னால் இருப்பவர்தான் குழி சொல்லவேண்டும். எல்லாரும் எல்லாம் கத்தினால் சந்தைக்கடை.

புதுவயலில் அரிசி ஆலைகள் அதிகம், விடிந்ததும் நெல் லாரி ஓட்டம் தொடங்கிவிடும். 6:45-க்குள் அந்த ஊரைத் தாண்டியது நல்லதாயிற்று. ரயில் பாதை குறுக்கிடும் இடத்தில் சக்கரம் தண்டவாளத்துக்குச் செங்குத்தாக ஏறவேண்டும், சாய்வாக ஏறினால் பனி ஈரத்தில் வழுக்கும்.

பஞ்சர் 4. நான்கும் முள். ட்யூபை மாற்றிவிட்டு ஓட்டியவருக்குப் பத்தே நிமிடத்தில் மறுபடி காற்று இறங்கியது. எப்போதும் நடப்பதுதான். கருவேல முள் ரப்பருக்குள் ஒடிந்து நிற்கும். வெளியே பார்த்தால் ஒரு கரும்புள்ளி, உள்ளே விரலால் தடவினால் எதுவும் தட்டாது. காற்று ஏறி டயர் அமுங்கும்போதுதான் நுனி உள்ளே எட்டிப்பார்க்கும். வழி: டயரின் உள்பக்கத்தில் ஒரு பஞ்சுத் துணுக்கை வட்டமாக இழுத்துப்போங்கள். எங்கே இழை சிக்குகிறதோ அங்கே டயரை வெளிப்பக்கமாக மடக்குங்கள். நுனி ஒரு அரிசி மூக்களவு தலை நீட்டும். நகவெட்டியால் பிடித்து இழுக்கலாம். வராவிட்டால் உள்ளிருந்து ஊக்கால் வெளியே தள்ளவேண்டும்.

ஒட்டுப் போடுவதிலும் அவசரம்தான் கெடுக்கிறது. உப்புத்தாள் தேய்த்து, சொல்யூஷனை ஒட்டைவிடப் பெரிதாகத் தடவி, பளபளப்பு அடங்கும்வரை நான்கைந்து நிமிடம் விடவேண்டும். ஈரமாக இருக்கும்போதே ஒட்டினால் வெயிலில் டயர் சூடேறியதும் ஓரம் தூக்கும். சாலையில் ட்யூப் மாற்று, ஒட்டுவதெல்லாம் சாயங்காலம் லாட்ஜில்.

ஜனவரி 24, சனி. அறந்தாங்கி – ஆவுடையார்கோவில் – மீமிசல் – தொண்டி, ஏறக்குறைய 60 கி.மீ.

ஆவுடையார்கோவில் 14 கி.மீ., ஏழு மணிக்குள் போயாயிற்று. மாணிக்கவாசகரின் திருப்பெருந்துறை. கருவறையில் லிங்கம் கிடையாது, அதன் பீடமான ஆவுடை மட்டும். முன்னால் நந்தியும் இல்லை. கல்லில் கம்பியும் சட்டமும் ஆணியுமாகச் செதுக்கிய கொடுங்கையை (வளைந்து இறங்கும் கூரை விளிம்பை) பார்க்காமல் போனால் அந்தச் சாலையில் வந்ததற்கே அர்த்தமில்லை. அரைக்கால் சட்டைக்காரர்கள் பையில் ஒரு வேட்டி வைத்திருக்கவேண்டும். நாலு முழம் போதும், சுருட்டினால் ட்யூப் அளவுதான். நடுப்பகலில் நடை சாத்திவிடுவார்கள்.

இங்கேயே தண்ணீர் நிரப்பிக்கொள்ளவேண்டும். கடலை நெருங்க நெருங்க அடிபம்புத் தண்ணீர் உப்புக் கரிக்கும். ஆளுக்கு நாளொன்றுக்கு நான்கு லிட்டர் கணக்கு. வண்டியில் 20 லிட்டர் கேன் மூன்று, அதிலிருந்து ஆளாளுக்கு பாட்டிலில். ஓஆர்எஸ் பெரிய பாக்கெட் ஒன்றுக்கு ஒரு லிட்டர், அரை லிட்டரில் கெட்டியாகக் கரைத்துக் குடிப்பதெல்லாம் வயிற்றைக் கலக்கும். பாக்கெட் இல்லாவிட்டால் ஒரு லிட்டருக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு.

மீமிசல் சாலையில் அறுவடை. டீக்கடைக்காரர் முன்பே சொன்னார்: “அண்ணே, வளைவு தாண்டி ரோட்டுல வைக்கோலு கெடக்கு, பாத்துப் போங்க. நெல்லு காயுது, அது மேல ஏத்திராதீங்க.” நெல்மேல் ஏற்றக்கூடாது என்பது மரியாதை மட்டுமில்லை. மணி உருளும், முன்சக்கரம் திரும்பாது. வைக்கோல் அதைவிட ஆபத்து. ஒரு சைக்கிளில் பார்த்தது: இரண்டு மூன்று இழை பல்சக்கரத்தில் ஏறி, செயினோடு கீழே வந்து, டெரெய்லரின் குட்டிச் சக்கரத்தைச் சுற்றிக் கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டது. இன்னும் இரண்டு மிதி மிதித்திருந்தால் டெரெய்லர் பின்னால் இழுபட்டு ஹேங்கர் ஒடிந்திருக்கும். வைக்கோலைக் கண்டால் மிதிப்பதை நிறுத்து, ஓடுகிற வேகத்தில் தாண்டு, தாண்டியதும் பெடலைப் பின்பக்கமாக ஒரு சுற்று சுற்றிப் பார். சிக்கியிருந்தால் இறங்கிப் பேனாக்கத்தியால் அறுக்கவேண்டும், இழுக்கக்கூடாது.

ஹேங்கர் ஒடிந்தே போனால்? மாற்று ஹேங்கர் அந்தந்த சைக்கிளுக்கு என்று தனித்தனி, அறந்தாங்கியிலோ தொண்டியிலோ தேடவேண்டாம். டெரெய்லரைக் கழற்றி, செயினை அறுத்துச் சுருக்கி, நேர்கோட்டில் வரும் நடுப் பல்சக்கரம் ஒன்றில் போட்டு ஒற்றைக் கியராக ஓட்டலாம். இந்த மண்ணில் மேடே இல்லை, அது போதும். செயின் அறுக்கும் கருவி குழுவுக்கு ஒன்று, இணைப்புக் கண்ணி இரண்டு.

மீமிசல் வரை இடது பக்கமிருந்து குறுக்குக்காற்று. அதில் ஒருவர் பின்னால் ஒருவர் நேராகப் போனால் யாருக்கும் மறைப்பு கிடைக்காது. முன்னால் இருப்பவருக்குக் கொஞ்சம் வலப்பக்கம் தள்ளி, பின்னால் வரவேண்டும். ஆனால் அப்படிப் படிப்படியாக விரிந்தால் மூன்றாவது ஆளே சாலை நடுவில் இருப்பார். மூவர் மூவராகப் பிரிந்து, பின்னால் வண்டிச் சத்தம் கேட்டதும் ஒற்றை வரிசை. முரண்டு பிடிக்கிறவர்களுக்கு இந்தச் சாலை சரிப்படாது.

மீமிசலில் தெற்கே திரும்பியதும் காற்று முதுகில். அதே உழைப்புக்கு 18 கி.மீ. வேகம் 25 ஆயிற்று. கோபாலப்பட்டினம், எஸ்.பி.பட்டினம் என்று ஊர்கள் வழுக்கிக்கொண்டு போயின. மீன் இறங்கும் இடங்களுக்கருகே லாரியிலிருந்து ஐஸ் தண்ணீர் கொட்டிச் சாலை கொழகொழவென்று இருக்கிறது. அங்கே சாயாமல், பிரேக் தொடாமல் நேராகப் போகவேண்டும். பெரிய சாலை அலுத்தால் குப்பத்துக்கு இறங்கும் கிளைச்சாலைகள் உண்டு, கடைசி நூறு மீட்டர் மணலாக முடியும். மணலில் லேசான கியர், எடை பின்னால், முன்பிரேக் கூடாது. இங்கே கடல் குளம் மாதிரி, ஆழம் குறைவு, அலை சின்னது. கரையில் கடல்புல் காய்ந்து திரிதிரியாக ஒதுங்கிக் கிடக்கும். கடல்பசு மேய்வது அந்தப் புல்லைத்தான். புதுக்கோட்டை, தஞ்சாவூர் கரையை ஒட்டி 448 சதுர கி.மீ. பரப்பைக் கடல்பசுக் காப்பகமாக 2022-ல் அரசு அறிவித்தது.

ஜனவரி 25, ஞாயிறு. தொண்டி – காரங்காடு – தொண்டி

சாமான் இல்லாத நாள். நம்புதாளை வழியாகக் காரங்காட்டு அலையாத்திக் காடு வரை போய்த் திரும்பல். ஞாயிறு என்பதால் படகுக்குக் கூட்டம், காலையிலேயே போய்விடவேண்டும். திரும்பும்போது எதிர்காற்று. பத்து மணிக்கு மேல் கடல்காற்றும் சேர்ந்துகொள்ளும், அதனால் 9:30-க்கே கிளம்பல்.

பிற்பகல் செயின் வேலை. உப்புக்காற்றில் ஒரே இரவில் செயின் கண்ணியில் ஆரஞ்சுத் துரு பூத்திருந்தது. நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் துடைத்து, ஒவ்வொரு உருளைக்கும் ஒரு சொட்டு எண்ணெய், பத்து நிமிடம் கழித்து வெளியே வழிந்ததைச் சுத்தமாகத் துடைத்துவிடவேண்டும். பலரும் விடுவது இந்தக் கடைசித் துடைப்பைத்தான். வெளியே எண்ணெய் நின்றால் நாளைக்குச் செம்மண் தூசி ஒட்டி, அரம் மாதிரி அரைக்கும். தேங்காய் எண்ணெய் வேண்டாம். தையல் மெஷின் எண்ணெய் அவசரத்துக்குச் சரி, ஒரு நாள்தான் தாங்கும்.

சாப்பாடு: காரைக்குடியிலிருந்து கொண்டுவந்த மாவுருண்டைதான் இன்னும் கைகொடுக்கிறது. பாசிப்பருப்பு, சர்க்கரை, நெய். இரண்டு உருண்டைக்கு ஒரு மணி நேரம் ஓடும். கறிக்குழம்பை இரவுக்கு வைத்துக்கொள்ளலாம், மதியம் தின்றுவிட்டு வெயிலில் மிதிக்கிறவரைப் பார்க்கவே பாவமாக இருக்கிறது.

ஜனவரி 26, திங்கள். தொண்டி – திருவாடானை – தேவகோட்டை – காரைக்குடி

குடியரசு தினம். டாஸ்மாக் மூடியிருப்பதால் சாலை அமைதி. எட்டு மணிக்குப் பள்ளிக்கூட வாசல்களில் மிட்டாய்க் கையோடு பிள்ளைகள் ஓடிவருவார்கள், அங்கே மட்டும் நடைவேகம்.

திருவாடானை வரை காற்று பின்பக்கம். அங்கிருந்து தேவகோட்டைக்கு வடமேற்கே திரும்பியதும் வலது பக்கக் காற்று. இதில் ஒரு பொறி இருக்கிறது. காற்றுக்கு ஈடாக உடம்பு தன்னையறியாமல் வலது பக்கம் சாய்ந்திருக்கும். பஸ் முந்தும்போது காற்றை ஒரு நொடி மறைத்துவிடும். சாய்ந்த உடம்பு அந்த நொடியில் பஸ்ஸை நோக்கி இழுபடும், பஸ் தாண்டியதும் காற்று திரும்ப அடித்து இடப்பக்கம் தள்ளும். பஸ் சத்தம் கேட்டதுமே கைப்பிடியின் கீழ்வளைவைப் பிடித்து, முழங்கையைத் தளர்த்தி, ஓரத்திலிருந்து ஒரு முழம் உள்ளே ஓட்டவேண்டும். தார் விளிம்பில் ஓட்டினால் இடப்பக்கம் தள்ளும்போது மண்ணில் இறங்கிவிடும். விளிம்புக்கும் மண்ணுக்கும் நான்கு விரற்கடை பள்ளம், சாய்வாகத் திரும்ப ஏறினால் முன்சக்கரம் விளிம்பில் உரசிக் கவிழ்க்கும். இறங்கிவிட்டால் நின்று, சைக்கிளைத் தூக்கித்தான் வைக்கவேண்டும். ஒருவர் அப்படி ஏறப்பார்த்து முழங்கை சிராய்த்துக்கொண்டார்.

தேவகோட்டையில் இட்லி, வெள்ளைப்பணியாரம். பரிமாறிய ஆச்சி, “இன்னும் ரெண்டு போட்டுக்கங்க தம்பி, காரைக்குடி எங்க ஓடிப்போகுது” என்று சொல்லிச் சொல்லி நாற்பது நிமிடம் ஆக்கிவிட்டார். காரைக்குடி 11:20.

நான்கு நாளில் பஞ்சர் 11: முள் 9, ஆணி 1, நெம்புகோலில் நாமே கிள்ளியது 1. மீந்த ட்யூப் 13. உப்புக் காற்றில் இருந்த சைக்கிள்களை இன்றே நல்ல தண்ணீரில் கழுவவேண்டும். அச்சு பேரிங்மேல் நேராகப் பீய்ச்சக்கூடாது. சீட் கம்பத்தைக் கழற்றி, சட்டத்தைத் தலைகீழாக நிறுத்தி உள்ளே தேங்கியதை வடித்து, கிரீஸ் தடவிப் போடவேண்டும். ஒரு சைக்கிளிலிருந்து கால் டம்ளர் தண்ணீர் வந்தது.