குவுன் தோங்கில் மதியச் சாப்பாடு

ஹாங்காங்கின் குவுன் தோங் பகுதியில் நான் வேலை பார்த்த சரக்குக் கப்பல் நிறுவனத்தில் யார் எந்தக் கோஷ்டி என்பது மதியம் ஒரு மணிக்குத் தெரிந்துவிடும். மேலாளர்கள் நல்ல ரெஸ்டாரண்ட் தேடி மாலுக்குப் போவார்கள், இந்தியாவிலிருந்து வந்த நாங்கள் பான்ட்ரியில் மைக்ரோவேவ் முன்னால் டப்பாவோடு வரிசையில் நிற்போம், உள்ளூர்க்காரர்கள் மொத்தமாக லிஃப்டுக்கு ஓடுவார்கள். ஓடுவது சா சான் டெங்குக்கு. டப்பாவை விட்டுவிட்டு அவர்களோடு போக ஆரம்பித்த பிறகுதான் அந்த அலுவலகம் எப்படி நடக்கிறது என்பதே எனக்குப் புரிய ஆரம்பித்தது.

சா சான் டெங் 1950களில் ஹாங்காங்கில் பரவிய சாப்பாட்டுக் கடை. அதற்கு முன்பு வெள்ளைக்காரச் சாப்பாட்டுக் கடை என்றால் காசுள்ளவர்கள் போகும் இடம், ஏழைகளுக்குக் குளிர்பானமும் ரொட்டியும் விற்கும் 'பிங் சட்' கடைகள்தான். அவற்றின் தொடர்ச்சியாக வந்தவை இவை. ஹாம், மக்ரோனி, வெண்ணெய் தடவிய ரொட்டி என்று துரைமார் சாப்பிட்டதையெல்லாம் கான்டனீஸ் சமையல்காரர்கள் தங்கள் கைப்பக்குவத்தில், கூலிக்காரர் கொடுக்கக்கூடிய விலையில் போட்டார்கள். குவுன் தோங்கும் அதே காலத்தில் கடலைத் தூர்த்து உருவாக்கிய தொழிற்பேட்டைதான். துணி, பிளாஸ்டிக், எலெக்ட்ரானிக்ஸ் என்று இருந்த தொழிற்சாலைகள் எண்பதுகளில் எல்லை தாண்டிச் சீனாவுக்குப் போய்விட்டன, காலியான கட்டடங்களில் எங்களைப் போன்ற அலுவலகங்கள் வந்தன. ஆனால் கடைகளின் கணக்கு மாறவில்லை: வயிறு நிறைய வேண்டும், சீக்கிரம் வர வேண்டும், விலை கையைக் கடிக்கக் கூடாது. நான் போன காலத்தில் ஐம்பது ஹாங்காங் டாலர் சுமாருக்கு ஒரு செட் சாப்பாடு, அதில் சூடாக ஒரு பானமும் சேர்த்தி. ஐஸ் போட்டு வேண்டுமென்றால் இரண்டு மூன்று டாலர் கூடுதல்.

உள்ளே நுழைந்தால் யாரும் வரவேற்க மாட்டார்கள். எத்தனை பேர் என்று விரலைக் காட்ட வேண்டும், ஏற்கெனவே இரண்டு பேர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் மேஜையில் கொண்டுபோய் உட்கார வைப்பார்கள், உட்கார்ந்த நொடியில் நீர்த்த தேநீர் ஒரு கிளாஸ் 'டக்'கென்று வந்து விழும். அதில் பாதிப் பேர் சாப்ஸ்டிக்கையும் ஸ்பூனையும் முக்கிக் கழுவுவார்கள். அங்கே பரிமாறிய அம்மா எல்லா ஆண்களையும் 'லெங் சாய்', அழகுப் பையா, என்றுதான் கூப்பிடுவார், எனக்கும் ஓய்வுபெறப் போகும் எங்கள் டிரைவருக்கும் ஒரே பட்டம். முறைக்கிற மாதிரிதான் ஆர்டர் எடுப்பார். புதிதாகப் போகிறவர்கள் இதை மரியாதைக் குறைச்சல் என்று எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றியதில்லை. ஹாங்காங் வாடகைக்கு ஐம்பது டாலர் சாப்பாடு போட வேண்டுமானால் ஒரு நாற்காலியில் ஒரு மணி நேரத்துக்குள் மூன்று பேராவது உட்கார்ந்து எழ வேண்டும், சிரித்துப் பேச அவருக்கு ஏது நேரம்? வெளியே வரிசை நிற்கிறது. அதற்கு பதிலாக அவர் கொடுத்தது, சொல்லி ஐந்தே நிமிடத்தில் ஆவி பறக்கும் தட்டு. சிப்பந்தி சிரிக்கிறாரா என்று பார்த்துக் கடைக்கு மார்க் போடும் பழக்கம் எனக்கு அங்கேதான் விட்டுப்போனது.

மாட்டையும் பன்றியையும் தவிர்ப்பவனுக்கு மெனுவில் பாதி போய்விடும். தக்காளி முட்டை போட்ட சோறு, கிரீம் மாதிரிக் குழைந்த முட்டைப் பொரியல், கெட்டி ரொட்டியில் கடலை வெண்ணெய் என்று நான் ஓட்டினேன். 'கரி' (curry) என்று ஒரு குழம்பு உண்டு, மஞ்சளாக, தேங்காய்ப்பால் வாசனையோடு, லேசாக இனிக்கும். நம் ஊர்க் குழம்போடு ஒப்பிட்டால் ஏமாற்றம்தான், ஒப்பிடாமல் இருந்தால் சோற்றுக்கு நன்றாகவே இருக்கும்.

பால் தேநீரைப் பற்றி மட்டும் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும். பொடியும் இலையுமாகப் பல ரகத் தூளைக் கலந்து, நம் டீக்கடை வடிகட்டி போலவே நீளமான துணிப்பையில் போட்டு, பாத்திரம் மாற்றி மாற்றி ஊற்றி இறக்குகிறார்கள். பாலைக் காய்ச்சுவது கிடையாது, டின்னில் வரும் சுண்டிய பால்தான். குடித்தால் நாக்கில் முதலில் துவர்ப்பு, பிறகு வழவழப்பு. 2017இல் இந்தத் தயாரிப்பு முறையை ஹாங்காங் அரசு தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அந்தக் கலவையில் முக்கியமானது சிலோன் தேயிலை. அதைப் பறிப்பவர்களில் பெரும்பாலோர் மலையகத் தமிழ்ப் பெண்கள் என்று பக்கத்து இருக்கைக் கணக்காளரிடம் ஒரு முறை சொன்னேன். "அப்ப இது பாதி உங்க டீ" என்று சொல்லிவிட்டு, என் பில்லையும் சேர்த்துக் கட்டினார். அங்கே அவரவர் பங்கை அவரவரே கொடுப்பதுதான் வழக்கம் என்பதால் எனக்கு அது பெரிய விஷயம்.

அலுவலகத்தின் நிஜமான மீட்டிங் அந்த மேஜையில்தான் நடந்தது. மெயிலில் வராத செய்தியெல்லாம் அங்கே வரும்: எந்த வாடிக்கையாளர் பணம் தராமல் இழுக்கிறார், எந்தப் புது மென்பொருளை யாரும் தொடப்போவதில்லை (அதை எழுதிக்கொண்டிருந்தது எங்கள் டீம்!), சீனப் புத்தாண்டுக்கு முன் வரும் போனஸ் கைக்கு வந்ததும் யாரெல்லாம் கடிதம் கொடுக்கப் போகிறார்கள். மேலாளர்களுக்கு இதில் பாதி ராஜினாமாக் கடிதத்தைப் பார்க்கும்போதுதான் தெரியும். மூன்றேகால் மணிக்கு இன்னொரு சுற்று உண்டு. கட்டட வேலைக்காரர்கள் வேலையை நிறுத்திவிட்டு டீக்குப் போகும் நேரம் அது, ஊர் முழுக்க அதற்கென்று மலிவான டீ செட் போடுவார்கள். எங்கள் தளத்துக்கும் கடைப் பையன் முட்டை டார்ட்டும் பால் தேநீருமாகப் பை நிறையக் கொண்டுவருவான். அந்தக் கால் மணி நேரத்தில் அவசரம் என்று யாரிடமாவது கேட்டுப் பாருங்கள், ஒரு ஃபைல் நகராது.

இந்தக் கடைகள் யாருக்காக இருக்கின்றன என்பதைக் கொரோனா காட்டிக்கொடுத்தது. 2020 ஜூலை 29 முதல் நாள் முழுக்க உணவகத்தில் உட்கார்ந்து சாப்பிடக் கூடாது, பார்சல் மட்டும்தான் என்று அரசு உத்தரவு போட்டது. வீட்டிலிருந்து வேலை செய்தவர்களுக்கு அது வெறும் செய்தி. கட்டட வேலைக்காரர்களும் துப்புரவுப் பணியாளர்களும் டெலிவரி ஆட்களும் நடைபாதையில், மாடிப்படியில், ஆடி மாத வெக்கையிலும் மழையிலும் தெர்மாகோல் டப்பாவை மடியில் வைத்துச் சாப்பிட்டார்கள். படங்கள் பரவி, திட்டு கிளம்பி, இரண்டே நாளில் பகல் நேரத்துக்கு மட்டும் உத்தரவைத் திரும்பப் பெற்றார்கள். உத்தரவு போட்டவர்கள் ஒரு நாளாவது ஒரு மணிக் கூட்டத்தில் சாப்பிட்டிருந்தால் இது தேவைப்பட்டிருக்காது என்று எங்கள் டிரைவர் சொன்னார், எனக்கும் அதே எண்ணம்தான்.

இப்போது சென்னையிலிருந்து அங்கே போகும் பையன்கள் எங்கே சாப்பிடுவது என்று கேட்டால் இதைத்தான் சொல்கிறேன். ஒரு மணிக்குப் போகாதே, பன்னிரண்டரைக்கே இறங்கிவிடு. சைவமென்றால் மக்ரோனி சூப்பைப் பார்த்து ஏமாறாதே, ஹாமை எடுத்துவிட்டாலும் அடியில் இருப்பது இறைச்சி வேகவைத்த தண்ணீர்தான். சில்லறை வைத்துக்கொள், கல்லாவில் கார்டு நீட்டினால் முறைப்பார்கள். அப்புறம் தனியாகப் போகாதே, பக்கத்து சீட்டில் இருப்பவரைக் கேள், அவரும் அங்கேதான் போய்க்கொண்டிருப்பார்.