சூரியனில் கை வைக்காமல் வெளிச்சத்தைக் குறைப்பது

3டி மாடலை நிஜப் படம்போல மாற்றித் தரும் (ரெண்டர்) மென்பொருளான வி-ரேயில் சூரியனைப் போட்டு முதல் டெஸ்ட் ரெண்டர் கொடுத்தால் திரை முழுக்க வெள்ளையாக வரும். புதிதாகச் சேர்ந்தவரின் கை உடனே சூரியனின் வெளிச்சத்தைப் பெருக்கும் எண்ணான இன்டென்சிட்டி மல்டிப்ளையருக்குத்தான் போகும். 1 இருந்த இடத்தில் 0.05 என்று போடுவார், படம் தெரிய ஆரம்பிக்கும். அதன் பிறகு அந்த ஃபைலில் வைக்கிற ஒவ்வொரு விளக்கும் தகராறு செய்யும். 9 வாட் எல்இடி பல்புக்கு அதன் அசல் அளவான 800, 900 லூமென்ஸை (பல்பு வெளியிடும் மொத்த ஒளி) கொடுத்தாலும், பக்கத்தில் இருக்கும் வெயிலோடு அது ஒட்டாது. பிறகு பல்பையும் குறைக்க வேண்டும், வானத்தையும் குறைக்க வேண்டும். கடைசியில் அந்த ஃபைலில் உள்ள எந்த எண்ணுக்கும் அர்த்தம் இருக்காது.

மல்டிப்ளையர் 1 என்றால் நிஜ வெயில். உச்சி வேளையில் தரையில் சுமார் 1 லட்சம் லக்ஸ் (ஒரு பரப்பில் விழும் ஒளியின் அளவு). வி-ரே ஓடும் 3டி மென்பொருளான 3டிஎஸ் மேக்ஸின் பிசிக்கல் கேமராவோ, வைத்தவுடன் 6 இவியில் நிற்கும். இவி என்பது எக்ஸ்போஷர் வேல்யூ, கேமரா எவ்வளவு ஒளியை எடுக்கிறது என்பதைச் சொல்லும் எண். அது ராத்திரியில் விளக்குப் போட்ட அறைக்கான அளவு. வெயிலுக்கு 14-ஐ ஒட்டி வேண்டும். ஒரு இவி ஏறினால் வெளிச்சம் பாதியாகும். எட்டுப் படி என்பது 256 மடங்கு வித்தியாசம். வெள்ளையாகாமல் வேறென்ன ஆகும்?

வெளிப்புற எலிவேஷனுக்கு (முகப்புத் தோற்றம்) எஃப் 8 (லென்ஸ் திறப்பு), ஷட்டர் 200 (1/200 நொடி), ஐஎஸ்ஓ 100 (ஒளி உணர்திறன்) என்று தொடங்கலாம். இது ஏறத்தாழ 13.6 இவி. அதன் பிறகு ஷட்டரை மட்டும் மாற்றினால் போதும்: இருட்டாக இருந்தால் 100, கூசினால் 400. ரெண்டரில் ஐஎஸ்ஓவை ஏற்றினாலும் புள்ளி விழாது என்பதால் மூன்றில் எதைத் தொட்டாலும் ஒன்றுதான். ஆனால் டெப்த் ஆஃப் ஃபீல்டு (ஃபோகஸுக்கு வெளியே மங்குவது) போட்டிருந்தால் எஃப் எண்ணும், மோஷன் பிளர் (அசைவதால் கலங்குவது) போட்டிருந்தால் ஷட்டரும் கட்டுப்பட்டுவிடும். அனிமேஷனில் சுற்றும் சீலிங் ஃபேன் திடீரென்று தட்டாகக் கலங்கித் தெரிந்தால், யாரோ வெளிச்சத்துக்காக ஷட்டரைக் குறைத்திருக்கிறார்கள்.

எக்ஸ்போஷரை மெட்டீரியல் போட்ட பிறகு பார்ப்பதும் வீண் வேலை. எல்லாவற்றுக்கும் ஒரே சாம்பல் நிற ஓவர்ரைடு (எல்லா மெட்டீரியலுக்கும் பதிலாகத் தற்காலிகமாக நிற்பது) கொடுத்துப் பார்த்தால்தான் வெளிச்சம் வெளிச்சமாகத் தெரியும். அதில் ஜன்னல் கண்ணாடியை விலக்கி வைக்க வேண்டும். மறந்தால் உள்ளே கும்மிருட்டு. பிறகு மெட்டீரியல் போடும்போது வெள்ளைச் சுவருக்கு, 0 முதல் 255 வரையுள்ள நிற அளவில் 255 கொடுக்கக் கூடாது. 230 என்பதே விழும் ஒளியில் சுமார் 80 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். நல்ல வெள்ளைப் பெயின்ட்டுக்கு அது தாராளம். 255 கொடுத்த சுவர் வெயிலில் எரிந்துபோகும், சன்ஷேடின் விளிம்பு காணாமல் போகும், பழி எக்ஸ்போஷர் மேல் விழும்.

வெயிலின் அளவைத் தொடக் கூடாது; அதன் திசையைத் தாராளமாகத் தொடலாம். 3டி மாடல் வரையும் ஸ்கெட்ச்அப்பில் இடத்தைக் குறிக்காமல் விட்டால் மாடல் அமெரிக்காவின் கொலராடோவில், 40 டிகிரி அட்சத்தில் நிற்கும். சென்னையின் அட்சம் 13 டிகிரி. இங்கே ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 வாக்கில் நடுப்பகலில் சூரியன் நேர் தலைக்கு மேல் வந்துவிடும். அந்த நாளில் 12 மணிக்கு ரெண்டர் போட்டால் மொட்டைமாடி எரியும், முகப்புச் சுவர் முழுக்க சன்ஷேடின் நிழலில் கிடக்கும். எந்த எக்ஸ்போஷராலும் இதைச் சரிசெய்ய முடியாது. மேற்குப் பார்த்த வீட்டுக்கு மார்ச் மாதம் மாலை 4 மணி நன்றாக இருக்கும். சூரியன் 30 டிகிரிக்குச் சற்று மேலே நின்று சுவரில் ஆழத்தைக் காட்டும். வடக்குப் பார்த்த வீட்டில் வெயில் கேட்பவர்களுக்கு ஜூன் காலை 9 மணியைக் கொடுக்கலாம்: சூரியன் கிழக்கிலிருந்து சுமார் 20 டிகிரி வடக்கே இருக்கும், முகப்பில் சாய்வாகப் படும். டிசம்பரில் அது நடக்கவே நடக்காது. அதற்காக வடதிசையையே திருப்பி வைப்பவர்கள் உண்டு. கட்டி முடித்த பிறகு வீட்டுக்காரர் கேட்பார்.

உள் அறைதான் உண்மையான சோதனை. ஜன்னல் வழியாகத் தரையில் விழும் வெயில் 80,000 லக்ஸ், எதிர்ச் சுவர் 400 லக்ஸ் என்றால் இடைவெளி ஏழரைப் படிக்கு மேல். இரண்டையும் ஒரே எக்ஸ்போஷரில் பிடிக்க நினைத்தால் அறை மங்கும் அல்லது தரை வெளுக்கும். தரையில் விழும் கட்டம் வெளுக்கட்டும் என்று விட்டு, 9 அல்லது 10 இவியில் அறையை நிறுத்தி, ஹைலைட்டை (அதிகம் வெளுத்த பகுதி) ஃபிரேம் பஃபரில் (ரெண்டர் தெரியும் ஜன்னல்) ஃபில்மிக் டோன்மேப்பால் (பளிச்சென்ற இடங்களைப் பதமாக அடக்கும் வசதி) அடக்குவது நல்ல வழி. மெல்லிய திரைச்சீலை போடுவது அதைவிட நல்ல வழி. வீடுகளில் மதியம் அதைத்தானே செய்கிறோம். வி-ரே 5-இலிருந்து லைட் மிக்ஸ் இருப்பதால் சூரியனை மட்டும் ரெண்டருக்குப் பிறகு பாதியாக்கிப் பார்க்கலாம். அரைப்பங்கு, கால்பங்கு வரை கண் ஏமாறும். அதற்குக் கீழே போனால் நிழல் மட்டும் வெயில் நிழலாகவும் வெளிச்சம் டியூப்லைட் மாதிரியும் இருக்கும்.

அறை காரணமில்லாமல் இருண்டால் எக்ஸ்போஷரை ஏற்றுவதற்கு முன் கண்ணாடியைப் பாருங்கள். பழைய லைப்ரரிக் கண்ணாடிகளில், வெயிலைக் கண்ணாடி வழியே உள்ளே விடும் அஃபெக்ட் ஷேடோஸ் டிக் இல்லாமல் இருக்கும். வெயில் கண்ணாடியிலேயே நின்றுவிடும். யூனிட்டையும் பாருங்கள். மில்லிமீட்டரில் வரைந்தது இன்ச்சாக வந்திருந்தால் அறை 25.4 மடங்கு பெரிது. சூரியன் அப்படியே இருக்கும், லூமென்ஸ் கொடுத்த விளக்குகள் மட்டும் சுமார் 645 மடங்கு மங்கும். கூரை சிவப்படித்தால் ஒயிட் பேலன்ஸில் கை வைக்க வேண்டாம். ரெட் ஆக்சைடு தரையில் வெயில் விழுந்து திரும்புகிறது, அவ்வளவுதான். தரை நிறத்தின் செறிவைக் கொஞ்சம் குறைத்தால் அடங்கும்.

மதியக் காட்சியில் போர்டிகோ விளக்கு எரிய வேண்டும் என்று கிளையன்ட் கேட்பார். 14 இவியில் 900 லூமென்ஸ் பல்பு எரிவது தெரியாது, நிஜத்திலும் தெரியாது. 50,000 லூமென்ஸாக ஏற்றுவதைவிட, சூரியனை அடிவானத்துக்குச் சற்றுக் கீழே இறக்கி, 9 இவியிலிருந்து 7 வரை ஒவ்வொரு படியாகக் குறைத்து மூன்று படம் கொடுங்கள். பெரும்பாலும் 8-ஐத்தான் எடுப்பார்கள்.