மிட்வே தீவில் கூடு எண்ணும் பருவம்

டிசம்பர் 17

பசிபிக் கடலில், ஹவாயின் ஹொனலூலுவிலிருந்து சுமார் 2,000 கி.மீ. வடமேற்கே, மொத்தமே ஆறு சதுர கி.மீ. சொச்சம் நிலம். லேசான் அல்பட்ராஸ் என்ற பெரிய கடற்பறவை உலகிலேயே அதிகமாகக் கூடுவது இங்கேதான். எண்ணுவது பறவையை அல்ல, முட்டையுள்ள கூட்டை. சும்மா நின்று ஆட்டம் போடும் இளசுகள் கணக்கில் வராது. வரிசையாக நடந்து, கூட்டுக்கு ஒரு தடவை கிளிக்கரை (கையில் பிடித்து எண்ணும் கருவி) அழுத்தி, பக்கத்தில் ஒரு சொட்டு பெயிண்ட். கருங்கால் அல்பட்ராஸுக்குத் தனிக் கிளிக்கர். பிசகுவதெல்லாம் வரிசையின் ஓரத்தில்தான்: ஓரத்து ஆள் பெயிண்டை விட்டால் அடுத்த நடையில் அதே கூடு இரண்டாகிவிடும்.

டிசம்பர் 19

மணலுக்கடியில் போனின் பெட்ரல் என்ற கடற்பறவையின் வளைகள். கால் புதைந்தால் உருவிக்கொண்டு போய்விடக் கூடாது. சரிந்த மணலைக் கையால் அள்ளி, வளை திறக்கும்வரை தோண்ட வேண்டும். உள்ளே பறவை மூச்சுமுட்டிக் கிடக்கலாம். 1943-ல் வந்த கருப்பெலிகள் இந்த இனத்தைக் கிட்டத்தட்டத் துடைத்துவிட்டன. 1990-களில் எலியை ஒழித்த பிறகே மீண்டது. சுண்டெலி தங்கிவிட்டது. அடைகாக்கும் அல்பட்ராஸின் கழுத்தையும் முதுகையும் அது கடித்துத் தின்பது 2015-ல் தெரிய வந்தது. முட்டைமேல் உட்கார்ந்த பறவை எழுந்து ஓடாது, அதுதான் வினை.

ஜனவரி 9

அல்பட்ராஸின் காலில், வெளிச்சத்தைப் பதிந்து அதிலிருந்து பறவை போன இடத்தைக் கணிக்க உதவும் கருவியைக் கட்டும் வேலை. கருவி, பட்டை எல்லாம் சேர்த்து உடல் எடையில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது பொதுவான வரம்பு. இரண்டரைக் கிலோ பறவைக்கு 75 கிராம். இந்தக் கருவி அதில் சிறு பங்குதான். கட்டும்போது ஒருவர் முட்டையைத் துணியால் மூடிக் காக்க வேண்டும். இணை கடலிலிருந்து திரும்பி முறை மாற்ற வாரக்கணக்கில் ஆகும். அந்த நாளெல்லாம் உட்கார்ந்திருப்பது பட்டினி.

பிப்ரவரி 12

முட்டை பொரிந்ததும் கடல் பயணம் சட்டென்று சுருங்கிவிடும். குஞ்சுக்கு அடிக்கடி இரை வேண்டுமே. குஞ்சைத் தனியே விடும் வயது வந்தபின் குட்டிப் பயணமும் நெடும்பயணமும் கலந்து வரும். நெடும்பயணத்தில் லேசான் வடக்கே அலாஸ்காவின் அலூஷியன் தீவுகள் பக்கம் போகும், கருங்கால் கிழக்கே அமெரிக்கக் கரை நோக்கி.

மார்ச் 20

காலில் கட்டிய கருவியின் இந்த வாரப் பதிவில் அட்சரேகையை நம்ப வேண்டாம். கருவி அதைக் கணிப்பது பகலின் நீளத்தை வைத்து. சமபகல் நாளில் எல்லா இடத்திலும் பகல் ஒரே அளவு. தீர்க்கரேகை நண்பகல் நேரத்திலிருந்து வருவதால் தப்பித்துவிடும்.

2011 மார்ச் சுனாமியில் இங்கே லட்சத்துக்கு மேற்பட்ட குஞ்சுகள் போயின. அடுத்த பருவக் கூட்டு எண்ணிக்கையில் அந்த இழப்பைத் தேடிப் பயனில்லை. குஞ்சு முதல் முட்டை இட எட்டு, ஒன்பது வருடம் ஆகும். பள்ளம் தெரிவது அப்போதுதான். இருக்கிற ஜோடிகளும் எல்லா வருடமும் முட்டை இடுவதில்லை. ஒரு வருட ஏற்ற இறக்கத்தை வைத்துக் கூட்டம் பெருகியது, குறைந்தது என்று எழுதுவது அவசரம்.

ஏப்ரல் 3

உயிர் பிழைக்கும் விகிதத்தைச் சொல்வது கால் வளையம் மட்டுமே. உப்பும் மணலும் அலுமினியத்தை அரித்துவிடும். எண் மறையுமுன் புதிதாக மாட்டி, பழைய எண்ணையும் சேர்த்து எழுத வேண்டும். 1956-ல் பறவையியலாளர் சாண்ட்லர் ராபின்ஸ் வளையமிட்ட ‘விஸ்டம்’ என்ற லேசான் பெட்டையை 2002-ல் அவரே மறுபடி பிடித்தார். அதன் வயது தெரிந்ததே எண்களின் சங்கிலி அறாததால்தான்.

ஜூலை 2

குஞ்சுகள் கிளம்புகின்றன. போகுமுன் கக்கிய உருண்டைகளைப் பொறுக்கி, ஊறவைத்துப் பிரித்தால் ஊசிக்கணவாயின் அலகுகள், நடுவே பாட்டில் மூடி, லைட்டர், தூண்டில் நரம்பு. கோலா மீன் முட்டை மிதக்கிற பொருளில் ஒட்டியிருக்கும். பறவை கொத்தும்போது பிளாஸ்டிக்கும் கூடவே வரும். அலகுகளைத் தனிக் குப்பியில் போடவும். கணவாயின் இனமும் அளவும் தெரிவது அவற்றில்தான். மெல்லிய சதை மிஞ்சாது.