மச்சான் தந்த நாலு சக்கரம்

மனைவியின் அண்ணன் ஆசையாகக் கொடுக்கும் பொருளை வேண்டாம் என்று சொல்ல எத்தனை மில்லிமீட்டர் ஆதாரம் வேண்டும்? என் அனுபவத்தில் இரண்டு போதாது.

விஷயம் இதுதான். பாண்டிச்சேரி முதலியார்பேட்டையில் இருக்கும் மச்சான், தன் ஹோண்டா சிட்டிக்கு 16 அங்குல அலாய், அதாவது அலுமினியக் கலவைச் சக்கரம், வாங்கி மாட்டிவிட்டார். கழற்றிய 15 அங்குல அலாய் நாலும் டயரோடு சும்மா கிடந்தன. எங்கள் ஸ்விஃப்ட்டில் இருப்பதோ கம்பெனி கொடுத்த 14 அங்குல இரும்பு ரிம். கடலூரில் வண்டி வைத்திருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, உப்புக்காற்று பட்டுப் பட்டு, பிளாஸ்டிக் கேப்பைக் கழற்றினாலே துரு உதிரும். இதை என் மனைவி ஃபோனில் அண்ணனிடம் சொல்லப்போக, அடுத்த ஞாயிறே மஞ்சக்குப்பத்தில் எங்கள் வாசலில் வந்து நின்றார். டிக்கியில் இரண்டு சக்கரம், பின்சீட்டில் இரண்டு, நடுவில் ஒரு பலாப்பழம். பண்ருட்டிக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்குப் பாண்டிச்சேரியிலிருந்து பலாப்பழம் கொண்டுவரும் மனசு அவருக்கு.

"மாப்ள, ரெண்டுக்கும் நாலு போல்ட்டுதான். கண்ணை மூடிக்கிட்டு மாட்டலாம்."

நாலு போல்ட்டு சரி. அந்த நாலும் எவ்வளவு பெரிய வட்டத்தில் உட்கார்ந்திருக்கின்றன என்பதுதான் கேள்வி. அதைத்தான் பி.சி.டி. என்கிறார்கள். நாலு ஓட்டை ரிம் என்றால் அளப்பது சுலபம், எதிரெதிரே இருக்கும் இரண்டு ஓட்டைகளின் மையத்துக்கு மையம் டேப்பை வைத்தால் முடிந்தது. ஸ்விஃப்ட்டுக்கு 100 மில்லி. சிட்டிக்கும் 100 மில்லி. மச்சான் ஃபோர்டு ஃபிகோ வைத்திருந்தால் 108 வந்திருக்கும், பலாப்பழத்தை மட்டும் வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருந்திருப்பேன். போலோவாக இருந்தால் இன்னும் வசதி, வட்டம் அதே 100தான் என்றாலும் ஓட்டை ஐந்து. எல்.கே.ஜி. பிள்ளைகூட எண்ணிச் சொல்லிவிடும்.

"பார்த்தீங்களா? எங்கண்ணன் விசாரிக்காம எதையும் செய்யமாட்டார்" என்று காபி வந்தது. அவருக்கு முதலில், எனக்கு அப்புறம்.

ஜாக்கி போட்டு முன்சக்கரத்தைக் கழற்றி அலாயை ஏற்றினோம். வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. மச்சான் கையே தட்டிவிட்டார். தட்டிய சத்தத்துக்கு எதிர்வீட்டு சார் எட்டிப் பார்த்தார். நெய்வேலியில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வுபெற்றவர். மூக்குக்கண்ணாடியைத் தேடுவார், வெர்னியர் காலிப்பர் மட்டும் எப்போதும் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கும்.

வந்தவர் ஒன்றும் பேசாமல் சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்து மேலும் கீழும் ஆட்டினார். ஆடியது. கழற்றச் சொல்லி அளந்தார். வண்டியின் ஹப், அதாவது சக்கரத்தின் நடு ஓட்டைக்குள் நுழையும் மொட்டு, 54.1 மில்லி. அலாயின் நடு ஓட்டை 56.1.

"ரெண்டு மில்லியெல்லாம் ஒரு விஷயமா சார்?" என்றார் மச்சான்.

"ஹப்புதான் சக்கரத்தை நடு சென்டர்ல நிறுத்தணும். இடைவெளி விட்டா இம்மி விலகி உட்காரும். வேகம் போகப்போக ஸ்டியரிங் உதறும்" என்றவர், இதற்கு ஹப் ரிங் என்று ஒரு வளையம் உண்டு, வெளிவட்டம் 56.1, உள்வட்டம் 54.1 பார்த்து வாங்கிப் போட்டால் சரியாகிவிடும் என்று மருந்தையும் அவரே சொல்லிவிட்டார். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். "அப்ப வளையம் வாங்கிட்டா முடிஞ்சுது" என்று பலாப்பழம் நறுக்க உள்ளே போனாள் மனைவி.

அடுத்தது நட்டு. சிட்டியின் நட்டுகளை மச்சான் பிஸ்கட் டப்பாவில் பத்திரமாகக் கொண்டுவந்திருந்தார். ஒன்றை எடுத்துத் திருகினால் கொஞ்சம் போய் நின்றுகொண்டது. இரண்டு வண்டியிலும் ஸ்டட், அதாவது நட்டு ஏறும் போல்ட்டு, 12 மில்லி தடிமன்தான், ஆனால் மரையின் இடைவெளி மாருதிக்கு 1.25, ஹோண்டாவுக்கு 1.5. மச்சான் வீல் ஸ்பேனரை எடுத்தார்.

"கொஞ்சம் பலமா திருகினா போயிடும் மாப்ள."

"போயிடும்தான். ஸ்டட்டு போயிடும்" என்றார் சார்.

சரி, ஸ்விஃப்ட்டின் நட்டையே போடலாம் என்றால் அங்கேதான் வசமாக மாட்டியது. சார் டார்ச் அடித்து ஓட்டைக்குள் காட்டினார். ஹோண்டா ரிம்மில் நட்டு உட்காரும் இடம் பணியாரக் குழி மாதிரி உருண்டையாகக் குழிந்திருக்கிறது. எங்கள் நட்டின் முனையோ கூம்பு. கூம்பைக் குழியில் வைத்து இறுக்கினால் முழுசாகப் பதியாது, மெல்லிசான ஒரு வளையம் அளவுக்குத்தான் தொடும். ஸ்பேனரால் இறுக்கும்போது நன்றாகப் பிடித்த மாதிரியே இருக்கும். ஓட ஓடத் தளரும்.

பலாச்சுளைத் தட்டோடு வந்த மனைவி கடைசி வார்த்தையை மட்டும் கேட்டாள். "என்னது, கழண்டுக்குமா?"

ஆஃப்செட் (சக்கரம் எவ்வளவு உள்வாங்கி உட்காரும் என்ற கணக்கு), டயர் அளவு என்று நான் மீதி ஆதாரங்களையும் எடுத்து வைத்தேன். எங்கள் 165/80 ஆர்14 டயரின் மொத்த உயரம் சுமார் 620 மில்லி, மச்சானின் 175/65 ஆர்15 சுமார் 609. ரிம் பெரிசானாலும் வண்டி ஐந்தரை மில்லி தரையிறங்கும், ஸ்பீடாமீட்டர் 100 காட்டும்போது நிஜத்தில் 98தான் போவோம். யாரும் காதில் வாங்கவில்லை. கழன்றுகொள்ளும் என்ற ஒரு சொல்லிலேயே தீர்ப்பு வந்துவிட்டது. ஒப்புக்கு நெல்லிக்குப்பம் ரோட்டில் ஒரு டயர் கடையிலும் கேட்டோம். மாருதி மரையில் உருண்டை முனை நட்டு அவரிடம் இல்லை.

ஆனால் கொண்டுவந்ததைத் திருப்பி எடுத்துப்போவது மச்சானுக்குக் கௌரவக் குறைச்சல். "இருக்கட்டும் மாப்ள, எதுக்காவது ஆகும்" என்று கிளம்பிவிட்டார். ஆனது. மொட்டைமாடிக்கு ஏற்றி, இரண்டிரண்டாக அடுக்கி, மேலே பலகையைப் போட்டு மனைவி வடகம் பிழிந்தாள். என்ன ஒரு பொருத்தம்! ஒரு மில்லி ஆட்டம் இல்லை. எதிர்வீட்டு சாரே மேலே வந்து பலகையை அழுத்திப் பார்த்துவிட்டுப் போனார்.

இப்படியிருக்க, போன வாரம் மச்சான் ஃபோன் செய்தார். எங்கேயோ பள்ளத்தில் இறங்கி, புது அலாய் ஒன்று நெளிந்துவிட்டதாம். அந்த 185/55 ஆர்16 டயரின் உயரம் சுமார் 610 மில்லி, பழசுக்கும் அதற்கும் வித்தியாசம் ஒன்றரை மில்லிகூட வராது. சரியாகும்வரை பழசில் ஒன்றை மாட்டிச் சமாளிக்கலாம் என்று அவரே கணக்குப் போட்டு வைத்திருந்தார். மனுஷன் தேறிவிட்டார்.

"இன்னைக்கே வந்து ஒன்னு எடுத்துக்கட்டுமாம்மா?" என்று தங்கையிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"நாளன்னைக்கு வாண்ணே. வடகம் இன்னும் காயலை."