குரூப் 4: காணொளியில் புரிந்த கணக்கு கரும்பலகையில் வரவில்லை

தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் (டிஎன்பிஎஸ்சி) குரூப் 4 தேர்வு முடிவு வந்து நான்கு நாள் ஆகிறது. தரவரிசையைப் பார்த்தால் இம்முறை பணி கிடைத்துவிடும் என்று நம்புகிறேன். இது என் மூன்றாவது முயற்சி. முதல் இரண்டுக்கும் காரைக்குடியில் வீட்டு மாடியில் அமர்ந்து இணைய வகுப்புகளை மட்டுமே கேட்டேன். மூன்றாவதற்குத்தான் நேரடி வகுப்பில் சேர்ந்தேன்.

தமிழுக்கு இணையமே போதுமானதாக இருந்தது. என்னைக் கவிழ்த்தவை தேர்வில் வரும் 25 கணக்குகள். வட்டிக் கணக்குக்குப் பேர்போன மண்ணில் பிறந்தவன் கூட்டுவட்டியில் தோற்றான் என்று அப்பத்தா இன்றும் சிரிக்கிறார்.

காணொளியை ஒன்றரை மடங்கு வேகத்தில் பார்ப்பேன். தனிவட்டிக்கும் கூட்டுவட்டிக்கும் இரண்டாண்டில் வரும் வித்தியாசத்துக்கான குறுக்குவழியை உறக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். நேரடி வகுப்பின் முதல் வாரத்தில் ஆசிரியர் என்னைக் கரும்பலகைக்கு அழைத்து, 10,000 ரூபாய்க்கு 10 சதவீதத்தில் மூன்றாண்டு வித்தியாசத்தைக் கேட்டார். அதே குறுக்குவழியைப் போட்டு 100 என்று எழுதினேன், விடை 310. ஆண்டுவாரியாக வட்டியை ஒருமுறைகூட என் கையால் எழுதிப் பார்த்ததில்லை என்பது சாக்பீஸும் கையுமாக நின்ற அந்த நிமிடத்தில்தான் உறைத்தது. கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கு இணையமே ஏற்றது என்பார்கள். கூச்சக்காரனாகிய எனக்கு என்ன தெரியாது என்பதை அங்கே யாரும் கண்டுபிடிக்கவில்லை, நான் உட்பட.

எல்லாருக்கும் இது பொருந்தாது. உடன் படித்த நண்பர் ஒருவருக்குச் செவித்திறன் குறைவு; ஆசிரியர் பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு பேசினால் உதட்டசைவும் தெரியாது என்பதால், எழுத்துக் குறிப்புகளோடு வரும் பதிவு வகுப்பே அவருக்குக் கைகொடுத்தது. ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறைக்குப் போகும் இன்னொருவருக்கு இரவு மட்டுமே ஓய்வு. கைக்குழந்தை வைத்திருந்த என் அண்ணியோ, பிள்ளை அழுதால் நிறுத்தி, உறங்கினால் தொடர்ந்து, ஒரு மணி நேர வகுப்பை மூன்று நாளில் முடிப்பார். இம்மூவரும் மாதிரித் தேர்வை மட்டும் நேரில் வந்து எழுதினார்கள்.

நான் சொல்லக்கூடியவை இவை. கணக்கை நேரில் படியுங்கள். முடியாதவர்கள், விடை வருமுன் காணொளியை நிறுத்தித் தாளில் போட்டுப் பாருங்கள். வேகத்தைக் கூட்டாதீர்கள். வாரம் ஒருமுறையாவது யார் முன்னாலாவது ஒரு கணக்கை விளக்குங்கள்; அண்ணி என்னிடம் அப்படித்தான் செய்தார்.

கைப்பேசியில் தட்டி எழுதும் மாதிரித் தேர்வின் நேரக் கணக்கை நம்ப வேண்டாம். உண்மைத் தேர்வில் விடைக்குரிய வட்டத்தைப் பேனாவால் நிரப்பும் ஓஎம்ஆர் தாளில் ஒரு வட்டத்தை நிரப்ப 5 விநாடி என்றாலும், 200 வட்டங்களுக்கு 16 நிமிடத்துக்கு மேல் போய்விடும். விடை தெரியாத கேள்விக்கும், ‘விடை தெரியவில்லை’ என்பதற்கான ஐந்தாவது வட்டத்தை நிரப்பியே ஆக வேண்டும்.